ஐம்பது வயதுக் கப்பலுக்குக் கொடியேற்றம் எதற்கு?

வாழப்பாடியிலிருந்து நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி இலங்கைக் கடற்படையின் ‘கஜபாகு’ கப்பலைப் பற்றியது. 1968-இல் ‘ஷெர்மன்’ என்ற பெயரில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் சேர்ந்து, அரை நூற்றாண்டு உழைத்து ஓய்வுபெற்ற கப்பல் அது. 2018-இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2019-இல் ஒரு பழைய மன்னனின் பெயரைச் சூட்டி, விழா எடுத்துப் படையில் சேர்த்தார்கள். ‘அடுத்தவர் கழித்துப்போட்ட கப்பலுக்கு இத்தனை ஆரவாரம் ஏன்? அதற்கு ஆகும் செலவில் சிறியதாகப் புதுக் கப்பல் ஒன்றை வாங்கியிருக்கலாமே? நம் சேலம் உருக்காலையின் எஃகைக் கொண்டு இந்தியாவே கட்டிக்கொடுக்கலாமே?’ என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்கள் உண்மையான ஐயம் புரிகிறது. கையில் காசு குறைந்த ஒரு சிறிய நாடு பழைய கப்பலை ஏற்கும்போது ஏமாறுகிறதா, தெரிந்தேதான் செய்கிறதா? கொடியும் பெயர்சூட்டலும் அந்த ஏமாற்றத்தை மறைக்கும் பூச்சா?

நான் இந்தியக் கடற்படையின் இயந்திரப் பிரிவில் இருந்தவன். லோனாவாலாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜியில் தொழில் படித்தேன். பணிக்காலத்தின் முற்பகுதி இயந்திர அறையிலும், பிற்பகுதி விசாகப்பட்டினத்தில் பழுதுபார்ப்புக்கு வரும் கப்பல்களின் உடலையும் குழாய்களையும் சோதிக்கும் வேலையிலும் கழிந்தன. இப்போது ஏற்காடு மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருக்கிறேன். இரும்பு, எண்ணெய், ஆள் ஆகிய மூன்றைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். பீரங்கியும் ஏவுகணையும் மின்னணுப் போர்க்கருவிகளும் என் துறை அல்ல, அவற்றை அத்துறையில் இருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். நாடுகளுக்கிடையே நடக்கும் பேரத்தின் உள்விவரம் முழுதாக வெளியே வருவதில்லை. அந்த இடங்களில் நான் சொல்வதை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்ககிரியில் பழைய லாரி வாங்கப் போகும் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டியின் வயதை அவர் கடைசியில்தான் கேட்பார். சேஸிஸில் விரிசல் விட்டிருக்கிறதா, என்ஜின் எத்தனை முறை பிரிக்கப்பட்டது, உதிரிப்பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்குமா, எஃப்.சி. எப்போது முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலைக்கு வருவார். கப்பலிலும் இதே வரிசைதான். ஷெர்மன் சந்தை விலைக்கு வாங்கப்பட்ட கப்பல் அன்று. தன் படைகளுக்கு இனித் தேவைப்படாத தளவாடங்களை நட்பு நாடுகளுக்கு வழங்குவதற்கென்று அமெரிக்கா ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதில் பொருளுக்கு விலை கிடையாது அல்லது மிகக் குறைவு. ஆனால் அது எங்கே, எந்த நிலையில் நிற்கிறதோ அங்கேயே, அந்த நிலையிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். மறுபடி ஓடவைப்பது, மாலுமிகளைப் பழக்குவது, உதிரிப்பாகம் சேர்ப்பது, ஊர் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் தனிக்கணக்கு. அந்தச் செலவில் ஒரு பகுதிக்கு அமெரிக்க உதவி நிதி கைகொடுப்பதும் உண்டு. பிற்பாடு வேறொரு நாட்டுக்குக் கைமாற்ற நினைத்தால் அமெரிக்காவின் ஒப்புதல் வேண்டும். ஆகவே ‘இலவசம்’ என்று செய்தித்தாளில் வரும் சொல்லை நம்பி எந்தக் கடற்படையும் கையெழுத்துப் போடுவதில்லை.

வயது ஏன் முதல் கேள்வி அல்ல என்பதற்குக் கப்பலுக்குள் இறங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். புதிதாக வண்ணம் பூசிய பக்கத் தகடு எதையும் காட்டிக்கொடுக்காது. துரு மும்முரமாகத் தின்னும் இடங்களில் முதலாவது சமையலறைக்கும் குளியலறைக்கும் அடியில் உள்ள தளம். ஆண்டுக்கணக்கில் சிந்திய நீர் தரைப்பூச்சுக்குக் கீழே தங்கி, மேலே ஒரு சுவடும் இல்லாமல் எஃகை அரித்துக்கொண்டே இருக்கும். அடுத்தது இயந்திரப் பீடங்களுக்குக் கீழே இருக்கும் பில்ஜ். எண்ணெயும் உப்புநீரும் கலந்து தேங்கும் அந்தப் பள்ளத்தில் சில மூலைகளுக்குள் கையே நுழையாது. கை நுழையாத இடத்தில் தூரிகையும் நுழைந்திருக்காது. மூன்றாவது, இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும் பெட்டியும் அதன் வால்வுகளும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போன தகடு செத்த ஒலி தரும். ஐயம் வந்த இடத்தில் வண்ணத்தைச் சுரண்டி, ஒலியலைக் கருவியை வைத்துத் தடிமனை அளந்து, கட்டியபோது இருந்த அளவோடு ஒப்பிட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்வோம். தேய்ந்த தகட்டை உலர்துறையில், அதாவது நீரை வடித்துக் கப்பலை நிறுத்திப் பழுதுபார்க்கும் துறையில், வெட்டியெடுத்துப் புதியதை வைத்துப் பற்றவைக்கலாம். கவனிப்பாரற்று 20 ஆண்டு ஓடிய கப்பலைவிட, முறையாகக் கவனிக்கப்பட்டு 40 ஆண்டு ஓடிய கப்பலின் வரைபடம் நன்றாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஷெர்மனின் வகையில் மொத்தம் 12 கப்பல்கள் கட்டப்பட்டன. 115 மீட்டர் நீளம், எஃகு உடல், அலுமினிய மேற்கட்டு. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அவற்றுக்குப் பெரிய அளவில் புதுப்பிப்பு நடந்தது. எஃகும் அலுமினியமும் சேரும் விளிம்பில் உப்புக்காற்று பட்டால் அரிப்பு வேகமாகும் என்பதால் அந்த இணைப்பு வாழ்நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டிய இடம். இயந்திர அறையில் இரண்டு வகை உந்துவிசை இருக்கிறது. சாதாரண ஓட்டத்துக்கு இரண்டு ஃபேர்பேங்க்ஸ்-மோர்ஸ் டீசல்கள், அவசர வேகத்துக்கு விமான என்ஜினிலிருந்து உருவான இரண்டு பிராட் அண்ட் விட்னி எரிவாயுச் சுழலிகள். அந்த டீசலில் ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக ஓடும், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கிராங்க் தண்டுகள் இருக்கும். உறுதியான என்ஜின்தான், ஆனால் அதைப் பிரித்துக் கோர்க்கத் தனிப் பழக்கம் வேண்டும். சுழலியோ எரிபொருளை வாரிக் குடிக்கும். இந்த வகைக் கப்பல்களைப் பெற்ற ஏழை நாடுகள் டீசலிலேயே ஓட்டிக்கொண்டு சுழலியை அரிதாகத்தான் தொடும் என்பது என் ஊகம். அப்படி ஓட்டினாலும் ரோந்து வேலைக்கு அது போதும். பிலிப்பைன்ஸ், வங்கதேசம், நைஜீரியா, வியட்நாம், இலங்கை என்று ஐந்து நாடுகளுக்கு இந்த வகைக் கப்பல்கள் போயிருக்கின்றன. இதில் ஒரு நன்மை, உதிரிப்பாகம் தேடுவோர் பலர் இருப்பதால் அதை வைத்திருப்போரும் சந்தையில் இருப்பார்கள். தீமை, இருக்கும் இருப்புக்கு எல்லோரும் போட்டியிடுவார்கள்.

இனி பணத்துக்கு வருகிறேன். ஒரு போர்க்கப்பலின் வாழ்நாள் செலவில் வாங்கும் விலை சிறு பங்குதான் என்பது உறுதி. மூன்றில் ஒரு பங்கு என்று தொழிலில் வழக்கமாகச் சொல்வார்கள், அந்த எண்ணிக்கை கப்பலுக்குக் கப்பல் மாறும். மீதியெல்லாம் சம்பளம், எரிபொருள், பழுது. ஒரு கப்பல் எப்போதும் கடலில் நிற்க வேண்டுமானால் கையில் மூன்று வேண்டும் என்பது இன்னொரு பழைய கணக்கு. ஒன்று ரோந்தில் இருக்கும்போது ஒன்று பழுதுபார்ப்பில் இருக்கும், மற்றொன்றில் மாலுமிகள் பயிற்சியில் இருப்பார்கள். பெரிய கடற்படைக்கு இந்தக் கணக்கு வலிக்காது. மொத்தமே நாலைந்து பெரிய கப்பல் வைத்திருக்கும் நாட்டில் ஒன்று உலர்துறையில் ஆறு மாதம் கூடுதலாக நின்றுவிட்டால் ஒரு கடற்பரப்பே காவலின்றிக் கிடக்கும்.

எல்லாவற்றையும்விடக் கடுமையான தட்டுப்பாடு ஆள் தட்டுப்பாடு. பணக்கார நாடான அயர்லாந்தையே பாருங்கள். 2022 ஜூலையில் ‘ஐத்னே’, ‘ஓர்லா’, ‘கியாரா’ என்ற மூன்று கப்பல்களை ஒரே விழாவில் ஓய்வுக்கு அனுப்பினார்கள். கடற்படையில் ஆள் குறைந்துகொண்டே போனதால், இருக்கும் புதிய கப்பல்களையே முழுதாக ஓட்ட முடியாமல் கட்டிப்போட வேண்டி வந்தது. அதே ஆண்டில் நியூசிலாந்து விற்ற இரண்டு சிறிய ரோந்துக் கப்பல்களை 2.6 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள், குறைந்த ஆட்களே போதும் என்பதற்காக. நியூசிலாந்து அவற்றை விற்றதற்குக் காரணம் தன்னைச் சுற்றியுள்ள கடலின் சீற்றத்துக்கு அவை ஈடுகொடுக்கவில்லை என்பது. அயர்லாந்துக்கு வேண்டியதோ ஒதுக்கமான ஐரிஷ் கடலுக்கு ஒரு காவல். ஒரு நாட்டுக்குப் பொருந்தாத கப்பல் இன்னொரு நாட்டுக்குச் சரியாகப் பொருந்துவது இப்படித்தான்.

சரியாகப் பொருந்தாமல் போனதும் உண்டு, அதுவும் நன்கு நிர்வகிக்கப்படும் நாட்டிலேயே. நியூசிலாந்து 1994-இல் டென்மார்க்கின் சரக்குக் கப்பல் ஒன்றை மலிவாக வாங்கி, ‘சார்லஸ் அப்பம்’ என்று தன் போர்வீரர் ஒருவரின் பெயரைச் சூட்டி, படைகளை ஏற்றிச்செல்ல மாற்றியமைக்கத் திட்டமிட்டது. வாகனங்களையும் பாரமான சரக்கையும் நிறைய ஏற்றினால் நிதானமாக மிதக்கும்படி வடிவமைக்கப்பட்ட உடல் அது. இராணுவத்தின் இலேசான சுமையோடு ஓடியபோது வெடுக்கு வெடுக்கென்று இருபுறமும் உருண்டது. அதைச் சீராக்கும் மாற்றங்களுக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. கடைசியில் மத்தியதரைக் கடலில் ஆரஞ்சு, எலுமிச்சை ஏற்றும் வாடகைக் கப்பலாக ஓடி, 2001-இல் விற்கப்பட்டது. கப்பல் பழையது என்பது இதில் குற்றமே இல்லை. என்ன வேலைக்கு, எந்தச் சுமையோடு, எந்தக் கடலில் என்று வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் முழுதாகக் கேட்கப்படவில்லை. பெயர் தாங்கிய வீரருக்கு அது செய்த அவமரியாதை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

‘சிறியதாகப் புதுக் கப்பல் வாங்கலாமே’ என்ற உங்கள் யோசனைக்கும் கடல்தான் பதில் சொல்கிறது. மீனுக்கும் கடல் வளத்துக்கும் தனியுரிமை உள்ள இலங்கையின் பொருளாதாரக் கடற்பரப்பு அதன் நிலப்பரப்பைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. செஷல்ஸ் நாட்டின் நிலம் 455 சதுர கிலோமீட்டர், கடலோ 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திறந்த கடலில் 40 மீட்டர்ப் படகு ஓடலாம், ஆனால் அதிலிருக்கும் ஆட்கள் வேலை செய்ய முடியாது. நிற்கவே முடியாதவரால் தேடவோ, இன்னொரு கப்பலில் ஏறிச் சோதிக்கவோ இயலாது. நீளமான உடல்தான் அலையைத் தாங்கும், எண்ணெயும் குடிநீரும் உணவும் வாரக்கணக்கில் சுமக்கும். அந்த அளவில் புதிது வாங்கப் பணம் இல்லாத நாட்டுக்குப் பழையது ஒன்றே வழி. பணம் வரும்போது புதிதும் வாங்குகிறார்கள். இதே இலங்கை, கோவா கப்பல் கட்டும் தளத்தில் தனக்கென்று கட்டவைத்த ‘சயுரால’வை 2017-இலும் ‘சிந்துரால’வை 2018-இலும் படையில் சேர்த்தது.

பழைய கப்பலைப் பள்ளிக்கூடமாகப் பயன்படுத்திய நாட்டுக்குச் சிங்கப்பூரே சரியான சான்று. 1990-களின் நடுவில் ஸ்வீடன் ஓட்டிக் கழித்த நான்கு நீர்மூழ்கிகளை அது வாங்கியது. பால்டிக் கடலின் குளிருக்காகக் கட்டப்பட்டவை அவை. நிலநடுக்கோட்டின் வெதுவெதுப்பான நீரில் ஓட்டுவதற்குக் குளிரூட்டும் அமைப்பிலிருந்து பல மாற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது. மாலுமிகள் ஸ்வீடனுக்கே போய்ப் பழகினார்கள். அடுத்த கட்டமாக 2005-இல் இன்னும் இரண்டு ஸ்வீடன் நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம். அவற்றிலும் கற்றுத் தேர்ந்த பிறகுதான், தங்கள் கடலுக்கும் தங்கள் ஆள் எண்ணிக்கைக்கும் ஏற்றபடி ஜெர்மனியில் புதியவற்றைக் கட்டச் சொன்னார்கள். அவற்றில் முதல் இரண்டு 2024-இல் படையில் சேர்ந்தன. முதலிலேயே புதிது வாங்கியிருந்தால் என்ன கேட்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. போர்க்கப்பல்களிலும் அதே நிதானம்தான். ‘ஃபார்மிடபிள்’ வகையின் ஆறு கப்பல்களில் முதலாவதைப் பிரான்சில் கட்டவைத்து, தங்கள் ஆட்களை அங்கே அனுப்பிக் கற்கவைத்து, மற்ற ஐந்தையும் சிங்கப்பூரிலேயே கட்டினார்கள்.

கொடுப்பவர் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பசிபிக் திட்டத்தைச் சொல்வேன். 1987 முதல் 1997 வரை 22 ரோந்துப் படகுகளைப் புதிதாகவே கட்டி 12 தீவு நாடுகளுக்குக் கொடுத்தது. படகோடு நிற்கவில்லை. பயிற்சி, பராமரிப்பு, அங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுக்கும் கடற்படையினர் என்று ஆண்டுக்கணக்கில் உடன் நின்றது. ஒரே வகைப் படகு என்பதால் ஒரே உதிரிப்பாகம், ஒரே பயிற்சிப் பாடம். 2018-இல் அவற்றுக்கு மாற்றாக ‘கார்டியன்’ வகைப் படகுகளைக் கொடுக்கத் தொடங்கியது. புதிது என்பதால் குறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. புகைபோக்கிக் குழாயில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. சமோவாவுக்குக் கொடுத்தது 2021-இல் பாறையில் ஏறிப் பயன்பாட்டை இழந்தது. ஃபிஜிக்குக் கொடுத்த ஒன்று 2024-இல் தன் முதல் ரோந்திலேயே பவளப்பாறையில் ஏறியது. படகு எத்தனை புதிதானாலும் கடலடி வரைபடத்தைப் படிக்கும் பழக்கம் ஆளோடுதான் வர வேண்டும்.

இலங்கையின் நிலையில் நான் பலவீனம் என்று நினைப்பது கப்பல்களின் வயதை அல்ல, அவற்றின் கலப்பை. இந்தியா கொடுத்த ‘சயுர’, அமெரிக்கா கொடுத்த ‘சமுதுர’வும் ‘கஜபாகு’வும் ‘விஜயபாகு’வும், சீனா 2019-இல் கொடுத்த ‘பராக்கிரமபாகு’ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பட்டறையின் பிள்ளை. திருகின் அளவிலிருந்து கையேட்டின் மொழி வரை வேறுபடும். ஒரு கப்பலில் பழகிய இயந்திரக்காரரை நாளைக்கே மற்றதில் இறக்க முடியாது. எல்லோரிடமும் வாங்கினால் எவருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்று இதற்கு அரசியல் நியாயம் சொல்வார்கள். அதை எடைபோடும் தகுதி எனக்கு இல்லை. இயந்திர அறைக்குள் நின்று பார்த்தால் அது பெரும் பாரம். செய்தித்தாளில் வரும் ஒப்பந்தத் தொகைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். ஒரு தொகையில் பயிற்சியும் பத்தாண்டு உதிரிப்பாகமும் சேர்ந்திருக்கும், இன்னொன்றில் வெறும் கப்பல் மட்டும் இருக்கும்.

இலங்கைக் கடற்படை என்றதும் நம்மில் பலருக்கு இராமேஸ்வரத்து மீனவர்களும், அந்த நீண்ட போரும்தான் நினைவுக்கு வரும். அது இயல்பு, அந்த வேதனை உண்மையானது. நான் இங்கே பேசுவது கப்பலைப் பற்றி மட்டுமே. அந்தப் படையின் செயல்களுக்குச் சான்றிதழ் கொடுப்பது என் நோக்கம் இல்லை. ஆழம் குறைந்த பாக் நீரிணையில் கஜபாகு போன்ற பெரிய கப்பல் எளிதில் ஓட இயலாது. அங்கே நம் படகுகளை மறிப்பவை வேகமான சிறு படகுகள். அவற்றின் வரலாறு வேறு.

இனி விழாவுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு நெருக்கமான பகுதி இதுதான். ஒரு நாட்டின் கப்பல் இன்னொரு நாட்டுக்குப் போகும்போது முதலில் பழைய நாட்டின் கொடி இறங்க வேண்டும். நம் கடற்படையில் கப்பலை ஓய்வுக்கு அனுப்பும் நாளில் சூரியன் மறையும் நேரத்தில் கொடியும், கொடிமரத்தின் உச்சியில் பறக்கும் மெல்லிய நீளக் கொடியும் கடைசியாக இறக்கப்படும். படையில் சேர்க்கும் நாளில் தலைமை அதிகாரி பட்டயத்தை வாசிப்பார், நாட்டுப்பண் ஒலிக்கக் கொடி முதன்முறையாக ஏறும். பார்ப்பவருக்கு அரைமணி நேர நிகழ்ச்சி. சட்டப்படி அந்த நிமிடத்திலிருந்துதான் அது அந்நாட்டின் போர்க்கப்பல். வேறெந்த நாட்டு அதிகாரியும் அனுமதியின்றி அதில் கால்வைக்க முடியாது.

ஆனால் சட்டத்தைவிட ஆளுக்கு அது முக்கியம். விழாவுக்கு மாதக்கணக்கில் முன்பே மாலுமிகளை அனுப்பிவிடுவார்கள். அவர்கள் அந்நிய நாட்டுத் துறைமுகத்தில் தங்கி, குழாய் குழாயாகப் பின்தொடர்ந்து, எந்த வால்வு எங்கே போகிறது என்று கையால் வரைந்து பழகுவார்கள். கஜபாகுவை ஹவாயிலிருந்து பசிபிக் கடலைக் கடந்து ஓட்டிவந்தவர்கள் இலங்கை மாலுமிகளே. கட்டியவர்கள் இல்லை, கையேடு எழுதியவர்கள் இல்லை, நள்ளிரவில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் வரிசையாக நிற்க, தங்கள் கொடி ஏறுவதைப் பார்ப்பது ஆரவாரம் ஆகாது. நம் ஆத்தூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் கடலையே பார்க்காமல் ஒடிசாவின் சில்காவுக்குப் பயிற்சிக்கு வந்த பையன்களை எனக்குத் தெரியும். ஊரில் பெரிய தண்ணீர் என்றால் மேட்டூர் அணைதான். ஒரு கப்பலின் பெயரைத் தொப்பிப் பட்டையில் அணிந்த நாளிலிருந்து அவர்கள் ‘என் கப்பல்’ என்றுதான் பேசினார்கள். பில்ஜின் கை நுழையாத மூலைக்குள் தூரிகையைக் கட்டிய குச்சியை விட்டு வண்ணம் பூசுபவன் அப்படிப் பேசுபவன்தான்.

பெயர் விஷயத்தில் சிறிய கடற்படைகள் காட்டும் கவனம் வியப்பூட்டும். இப்போதைய கஜபாகு அந்தப் பெயரைத் தாங்கும் முதல் கப்பல் அல்ல. 1944-இல் மான்ட்ரியலில் கனடாவுக்காகக் கட்டப்பட்டு, பின்னர் இஸ்ரேலிடம் இருந்து, 1959-இல் அன்றைய சிலோனுக்கு வந்த போர்க்கப்பலுக்கும் அதே பெயர்தான் சூட்டப்பட்டது. அந்தக் கடற்படை 1950 டிசம்பரில் தொடங்கப்பட்டபோது அதனிடம் இருந்த ‘விஜய’வும் பிரிட்டன் ஓட்டிய கண்ணிவாரிக் கப்பல்தான், அதாவது கடற்கண்ணிகளை அகற்றும் கப்பல். செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவுக்கு வந்ததாக நம் காப்பியம் சொல்லும் கயவாகு மன்னனின் பெயர்தான் ‘கஜபாகு’ என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் கதையும் வேறில்லை. 1939-இல் தென் அமெரிக்கக் கரையோரம் ஜெர்மனியின் ‘கிராஃப் ஷ்பே’யோடு மோதிய ‘அக்கிலீஸ்’ கப்பலில் நியூசிலாந்து மாலுமிகள் இருந்தார்கள். 1948-இல் இந்தியா அதை வாங்கி ‘டெல்லி’ என்று பெயரிட்டு 1978 வரை ஓட்டியது. உடைக்கும் காலம் வந்தபோது அதன் பீரங்கிக் கூண்டு ஒன்று நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டு, ஆக்லாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் இன்றும் நிற்கிறது. 2000-இல் இலங்கைக்குப் போய் ‘சயுர’ ஆன கப்பல் நம்மிடம் ‘சரயு’வாக இருந்தது. கப்பல் போனாலும் பெயர் நம்மிடமே தங்கி, 2013-இல் கோவாவில் கட்டிய புதிய ரோந்துக் கப்பலுக்குச் சூட்டப்பட்டது. சிறிய கடற்படைகள் தாய்க் கடற்படையின் வழக்கத்தைத் தாயைவிட நீண்டகாலம் காப்பதும் உண்டு. தினசரி ரம் வழங்கும் வழக்கத்தை பிரிட்டன் 1970-இல் நிறுத்தியது, நியூசிலாந்து 1990 வரை தொடர்ந்தது. சிங்கப்பூரில் அணிவகுப்புக் கட்டளைகள் இன்றும் மலாயில்தான். சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் அந்த ஒரே கட்டளைக்கு நிமிர்ந்து நிற்கிறார்கள்.

கடைசியாக நம் உருக்காலை. சேலத்தில் உருவாவது துருப்பிடிக்காத எஃகு. கப்பலில் அதற்குச் சமையலறை மேசை, நீர்த்தொட்டி, சில குழாய்கள் என்று இடம் உண்டு, உடலுக்கு அது ஏற்றதல்ல. விலை ஒரு காரணம். தேங்கிய கடல்நீரில் அதன் மேல் ஊசிமுனை போன்ற ஓட்டைகள் விழும் என்பது அதைவிடப் பெரிய காரணம். காந்தக் கருவிகளுக்குத் தப்புவதற்காக ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகளைக் காந்தமற்ற எஃகால் கட்டியிருக்கிறார்கள், அது விதிவிலக்கு. போர்க்கப்பல் உடலுக்கென்று ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்புத்துறை உலோகவியல் ஆய்வுக்கூடமும் அரசின் உருக்கு நிறுவனமான செயிலும் சேர்ந்து டி.எம்.ஆர். 249 என்ற எஃகை உருவாக்கின. ‘விக்ராந்த்’ விமானந்தாங்கிக்கு அப்படி ஏறத்தாழ 30,000 டன் எஃகு பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகளிலிருந்து போனது. சிறிய நாடுகளுக்கு இந்தியா கட்டிக்கொடுக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. கொல்கத்தாவில் கட்டிய ‘பராகுடா’ 2015-இல் மொரிஷியஸில் பணியில் சேர்ந்தது, அதே தளத்தில் கட்டிய ‘சொராஸ்டர்’ 2021-இல் செஷல்ஸுக்குப் போனது. அவற்றின் எஃகு எந்த ஆலையில் வார்க்கப்பட்டது என்பதைவிட, பத்தாம் ஆண்டுப் பழுதுபார்ப்புக்கு நாம் உடன் நிற்கிறோமா என்பதைக் கவனியுங்கள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் உதிரிப்பாக ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, மாலுமிகள் எத்தனை மாதம் முன்பே அனுப்பப்பட்டார்கள் என்ற இரண்டு விவரங்களையும் அதில் தேடிப்பாருங்கள்.